தூண்டிலுக்கு உச்சவரம்பு

கீழ்ப்பந்தலூர்,
திருப்பனந்தாள் வழி,
ஆனந்த வருடம், ஆவணி 12

ஈப்போவில் இருக்கும் தம்பி துரைராசுவுக்கு அண்ணன் தியாகராசன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி பிரகதாம்பாளும் சுகம். அங்கே நீயும் நாகம்மாளும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாயிருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு வருடமாக எழுதாதவன் திடீரென்று எழுதினால் பயம் வரத்தான் செய்யும். எழுதாததற்கு வருந்துகிறேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே. காரணம் உனக்கே தெரியும். வாய்க்கால் கரை நிலத்தைச் சாகுபடி செய்வது யார் என்று தாசில்தார் கேட்டபோது, "காத்தான்தான் உழுகிறார்" என்று எனக்கு எதிரிலேயே நின்று சொன்னாய். குத்தகைப் பதிவு அவன் பெயருக்குப் போயிற்று. நிலம் போனதைக்கூட ஒருவாறு செரித்துவிட்டேன். நம் பண்ணையில் வளர்ந்தவனுக்கு நீ போட்ட அந்த 'ஆர்' மட்டும் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது.

போகட்டும். குறுவை கதிர் வாங்கிவிட்டது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி. தைலம் வாங்கித் தந்தால் மணம் பிடிக்கவில்லை என்கிறாள். எனக்கு வெற்றிலை தவிர வேறு வியாதி கிடையாது.

எழுத வந்தது நம் ஏரியைப் பற்றி. வயலுக்கு எண்ட்ரின் மருந்து அடிக்கத் தொடங்கியபின் அந்தத் தண்ணீரெல்லாம் வடிந்து ஏரியில் விழுந்தது. பிறகு ஒரு கோடையில் ஏரியே வற்றியது. விரால் சேற்றுக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது. குழம்பில் தலை வேண்டும் என்று நீ உயிரை விடுவாயே, அந்த வெண்கெண்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீ கப்பல் ஏறியபோதே அது அருகிவிட்டது.

விலங்கியல் படித்துவிட்டு வரப்பில் நிற்கிறான் என்று ஊர் சிரித்த படிப்பு இதற்காவது பயன்படட்டும் என்று, வெண்கெண்டைக் குஞ்சு கேட்டு மீன்துறைக்கு ஒரு மனு எழுதினேன். அதை ஊராட்சி வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம். ஊராட்சித் தலைவர் யார்? நம் பங்காளி இராஜாங்கம். மைக்கைக் கண்டால் மாலை போட்டுக்கொள்கிற ஆள். என் மனுவை அவன் மேடைப் பேச்சு என்று நினைத்துவிட்டான். "'வெண்' என்று மொட்டையாக நிற்கிறதே, 'வெள்ளி' என்றால் வளமாக இருக்குமே" என்று தோன்றியதாம். வெண்பொன் என்றாலே வெள்ளிதானே என்று இலக்கணம் வேறு. வெண்கெண்டையை அடித்துவிட்டு வெள்ளிக்கெண்டை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கெண்டை என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது, தம்பி. சீனத்து மீன். கேட்டதை மீன்துறை கொடுத்துவிட்டது. இராஜாங்கம் கரையில் பந்தல் போட்டு, "வெண்மை வறுமை, வெள்ளி வளமை" என்று பேசி, கைதட்டு வாங்கிக்கொண்டு குஞ்சுகளை விட்டான். அவை நன்றாகத்தான் வளர்ந்தன. கரையில் யாராவது தும்மினால் ஆள் உயரம் துள்ளின. ஆனால் அந்த மீன் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்கிற சாதி. தூண்டிலை ஏறெடுத்துப் பார்க்காது. ஊரில் உள்ள தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்கள். சைக்கிள் கடை முகம்மது யூசுப் அதற்கு உண்ணாவிரத மீன் என்று பெயர் வைத்துவிட்டார். "புழுவை நீட்டினாலும் வேணாங்குது, மாவை உருட்டினாலும் வேணாங்குது. இது எந்தக் கட்சிங்க?" என்று தலைவரையே கேட்டார்.

அடுத்த முறை மனுவை நானே கையில் எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன். சரியான குஞ்சுகள் வந்தன. போன ஆவணியில், பந்தல் இல்லாமல், பேச்சு இல்லாமல், நானே தண்ணீரில் இறங்கி விட்டேன். கணுக்காலைச் சுற்றி அவை கலைந்து போனபோது உன் நினைப்பு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

குஞ்சு தேறினால்தான் இனி ஏரியில் வெண்கெண்டை. அழிந்தால் துறை மறுபடி தராது. ஆகவே அடுத்த ஆடி வரை தூண்டில் போட வேண்டாம் என்று தூண்டில்காரர்களைக் கூட்டிச் சொன்னேன். உடனே காத்தான் எழுந்தான். முன்பெல்லாம் 'ஆண்டே' என்பான், இப்போது 'ஏங்க'தான். "ஏங்க, நிலத்துக்கு உச்சவரம்பு வந்தா மட்டும் உங்களுக்குக் கோவம் வருது. எங்க தூண்டிலுக்கு நீங்க உச்சவரம்பு போடலாமா? ஏரி மீனை நம்பித்தாங்க எங்க தெருவுல புளியே கரைக்கிறோம்" என்றான். கரையே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து அண்ணியோடு சண்டை போட்டேன். அவள்மேல் தப்பில்லை, வேறு யாரும் அகப்படவில்லை.

மறுநாள் கோபம் ஆறியதும் யோசனை வந்தது. குஞ்சைத் தின்பது விரால். விரால் தவளைக்கு வரும். வெண்கெண்டை தவளையைத் தொடாது. மாவும் புழுவும் வேண்டாம், தவளை கோத்து மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள் என்றேன். குழம்புக்கும் ஆயிற்று, குஞ்சுக்கும் காவல் ஆயிற்று. காத்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "இதை நேத்தே சொல்லியிருந்தா நானும் அந்தப் பேச்சு பேசியிருக்க மாட்டேன்ல" என்றான். அப்புறம் எல்லோரையும் பார்த்து, "மாவு உருட்டுறது எவனா இருந்தாலும் தூண்டிலைப் புடுங்கிருவேன்" என்றான்.

சொன்னபடி செய்தான். பங்குனியில் நம் இராஜாங்கம் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மதகு ஓரமாக உட்கார்ந்து கோதுமை மாவு உருட்டினான். காத்தான் போய், "தலைவரே, வளமை வேணுமா?" என்று கேட்டு, கம்போடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அன்று நான் சாப்பிட்ட மோர்ச்சோற்றின் ருசியை உனக்கு எழுத முடியாது.

இந்த ஆடியில் புதுத்தண்ணீர் வந்தது. தவணை முடிந்த அன்றே காத்தான் தூண்டிலில் வெண்கெண்டை விழுந்தது. முழங்கை நீளம் என்று யூசுப் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். புதுத்தண்ணீரின் முதல் மீன் நம் வீட்டுக் கொல்லைவாசலுக்கு வருவது அப்பா காலத்து வழக்கம் அல்லவா? அண்ணியை மசாலா அரைக்கச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கமே ஏதோ வேலை இருப்பதுபோல உலாவிக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவாசலில் குரல் கேட்டது. காத்தான் வெறுங்கையோடு நின்றான். "ஏங்க, மீனு அடுப்புல கிடக்கு. ஆள் விட்டா வருவீங்களோ மாட்டீங்களோன்னு நானே வந்துட்டேன். வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றான்.

உன் அண்ணி உள்ளே போய், அரைத்த மசாலாவைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "வீணாப் போகப்போகுது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். ஆக, ஒரு கையில் வேட்டி நுனியும் மறு கையில் மசாலாவுமாக, இந்த வயதில் முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் நடந்தேன். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. உனக்குச் சிரிப்பு வரும்.

காத்தான் சம்சாரம் காத்தாயி இலை போட்டுப் பரிமாறினார். குழம்பில் புளி சற்றுத் தூக்கல். மற்றபடி குறை சொல்ல முயன்றும் முடியவில்லை. காத்தான் சட்டியைத் துழாவித் தலையை எடுத்து என் இலையில் வைத்தார். எனக்குத் தலை பழக்கமில்லை என்றேன். "தெரியும்ங்க. இது உங்களுக்கில்ல. சின்னவரு பங்கு. நீங்க சாப்பிட்டுட்டு அவருக்கு ஒரு வரி எழுதிருங்க" என்று சொன்னார்.

சாப்பிட்டேன். எழுதிவிட்டேன்.

மேலே 'வைத்தார்', 'சொன்னார்' என்று விழுந்திருப்பதைக் கைப்பிழை என்று எண்ணாதே. அடித்துத் திருத்த இந்த வான்கடிதத் தாளில் இடமும் இல்லை.

அடுத்த ஆடிக்குப் புதுத்தண்ணீர் வரும்போது நீ இங்கே இருக்க வேண்டும். உன் பங்கைத் தொடர்ந்து நானே தின்றுகொண்டிருப்பது நியாயம் ஆகாது. வருகிறபோது அந்த ஊர்த் தங்கூசி நரம்பு, தூண்டிலுக்கு, இரண்டு சுருள் வாங்கி வா. ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று உனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. தண்ணீர் வற்றாமல் வாழ்வீர்களாக.

உன் அண்ணன்,
தியாகராசன்