விலாங்கு வெளியே வந்த காலை

ஜெயராமன் வீட்டில் தனியாக இருந்தான். மனைவி கலைவாணி மீன் தொட்டிக்குக் கடலுப்பு வாங்கத் திண்டிவனம் போயிருந்தாள். அவன் காப்பி போடப் போனபோது சமையலறைத் தரையில் பாம்பு கிடந்தது. விளக்குமாற்றை ஓங்கிய பிறகுதான், அது அவள் முந்தாநாள் சென்னையிலிருந்து கொண்டுவந்த கடல் விலாங்கு என்று தெரிந்தது. அசைவே இல்லை. ஈரத்துண்டால் வாரியெடுத்துக் கூடத்துத் தொட்டியில் விட்டான். தண்ணீர் பட்டதும் அது உயிர்பெற்று அவன் விரலைக் கவ்விவிட்டது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்புமுன், வலக்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலண்டர் தாளின் பின்புறம் இடக்கையால் கிறுக்கினான்:

"கலை, பயப்படாத. உன் விலாங்கு வெளிய வந்து கெடந்துது. எனக்கு உசுரே போயிட்டுது. இப்ப தொட்டியில கெடக்கிற குழாய்க்குள்ள பூந்துகினு தலைய மட்டும் நீட்டிகினு இருக்குது. மூடிமேல குழவிக்கல்ல வச்சிருக்கேன், நகத்தாத. மீன் துண்டு போட்டேன், தொடல. இடம் பழகட்டும்னு நீதான சொன்ன. சாயங்காலம் லைட்ட அணைச்சிட்டு இடுக்கியில புடிச்சி நீட்டு. கையால வேணாம், பல்லு முள்ளாட்டம் இருக்குது. சாவி மீட்டர் பொட்டிமேல."

தாளைக் கதவிடுக்கில் செருக வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

"அது அசையாம கெடந்தப்ப, உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நின்னுட்டேன். 'அது இருந்தா நான் இருக்க மாட்டேன்'னு நேத்து கத்தினேன் இல்ல. எனக்கும் சேத்து சோறு வை."