எழினிக்கு வாயிலடைக்கும் ஆணை குறித்து

வெண்குன்ற நாட்டின் முடியுடை வேந்தரும், கணவாய்கள் அனைத்திற்கும் காவலருமாகிய வெற்பரையர் பெருமானின் திருவடிகளுக்கு, மிதிவண்டிப் பெரும்பந்தயத்தில் நம் அணியை நடத்திவரும் அமைச்சன் பொறையன் சாத்தன் வணங்கி எழுதும் ஓலை. அரண்மனையில் நலமெல்லாம் பெருகுக. கோபம் ஒன்று மட்டும் குறைக.

இங்கு யாவரும் நலம். எல்லா நாளின் ஓட்ட நேரத்தையும் கூட்டிப் பார்க்க முந்தி நிற்பவர்க்குரிய மஞ்சள் மேலாடை இன்றும் நம் இளவரசர் வேட்டனார் தோளிலேயே இருக்கிறது. நாளை பந்தயம் தலைநகரில் முடியும்.

தேவரீர் ஆணை கிடைத்தது. மலையோட்டத்தன்று நம் வீரன் எழினி எல்லைக்கோட்டருகே வேகம் தளர்த்திக் கழிமுக நாட்டுக் கீரனை வெல்ல விட்டான் என்றும், அரண்மனைச் சோறு தின்று அயலானுக்குப் பரிசளித்தவன் கோட்டை வாயிலுக்குள் நுழையலாகாது என்றும் அதில் கண்டேன்.

அன்று அவ்விருவரும் கூட்டத்தை விட்டு முன்னேறிச் சென்றனர். இளவரசர் பின்னால் கூட்டத்தோடு வந்ததால், அவரைவிட்டு விலகும் வேகத்தைக் கூட்டாதபடி எழினி முன்னின்று மிதிக்கலாகாது என்று கட்டளையிட்டவன் அடியேனே. ஆகவே எதிர்காற்றையெல்லாம் கீரன் ஒருவனே மார்பில் வாங்கினான். எழினி அவன் முதுகுக்குப் பின் சுகமாக வந்தான். அப்படி வந்தவன் கடைசியில் தாவிப் பரிசைப் பறிப்பது இவ்வோட்டக்காரரிடையே பெருங்கேவலம். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, அவன் உழைப்பில் வந்துவிட்டுப் பரிசையும் எடுத்தால் நாளை யார் முகத்தில் விழிப்பேன் என்று விண்ணப்பித்தான். எனக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

நேற்று உப்பளவெளியில் பெருங்காற்று எழுந்து கூட்டம் சிதறியது. சிலர் முந்திப் பறந்தனர். நம்மவர் பின்தங்க, இளவரசருக்குத் துணையாக எழினி மட்டுமே எஞ்சினான். மஞ்சளாடை போயிற்று என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்போது கேளாமலே கழிமுக நாட்டார் முன்வந்து, எழினியோடு மாறிமாறிக் காற்றைத் தாங்கி, முந்திப் பறந்தவர்களோடு இளவரசரைக் கொண்டு சேர்த்தனர். அவர்களில் அதிகம் மிதித்தவன் கீரன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமானே.

நாளைய எல்லைக்கோடு கோட்டை வாயிலுக்கு உள்ளே இருக்கிறது. இளவரசருக்கு முன்னால் காற்றைத் தடுத்து வருபவன் எழினி. இருவர் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடமும் இராது. அவனுக்கு வாயில் அடைபட்டால் மஞ்சளாடையும் வெளியிலேயே நிற்கும்.

ஆகையால் அவ்வாணையை எவர்க்கும் வாசித்துக் காட்டாமல் இத்துடன் திருப்பி அனுப்பினேன். வாயிற்காவலர் நாளை இரு கதவையும் விரியத் திறந்து வைக்க எனக் கட்டளையிட்டு, என் இலச்சினையும் பொறித்தேன். இது பிழையெனில், அவர்கள் இருவரும் உள்ளே வந்தபின் எனக்கு மட்டும் அடைத்தருள்க.