அண்ணியின் கை

அண்ணி,

இன்று காலை பக்கத்து வீட்டில் வசம்பு சுட்டார்கள். கைக்குழந்தைக்கு வயிற்று வலியாம். அந்தக் கருகல் வாசனை வந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு எண்ணூருக்கு வந்த நாள் முதல் நிலக்கரித் தூசியோடு எனக்கு ஓயாத சண்டை. வயிற்றில் பிள்ளை தங்கியதும் சன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் துணியும் செருகினேன். கன்டெய்னர் யார்டில் பெருக்கிவிட்டு வந்து நீங்கள் திட்டுவீர்கள்: "இன்னாமே, பொட்டிக்குள்ள குந்திகினு கீற? கொஞ்சம் வெயில்ல நில்லு." நான் கேட்டேனா? மகள் பிறந்த பிறகும் திறக்கவில்லை.

அவளுக்கு இரண்டு மாதம். விடாமல் அழுகிறாளே என்று நீங்கள்தான் வசம்பு உரைத்து நாக்கில் தடவினீர்கள். சற்று நேரத்தில் கண் மேலே செருகியது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆட்டோவில் போனால் முன்னால் டிரெய்லர் வரிசை நகரவில்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. "என் பிள்ளைக்கு என்னத்தக் குடுத்த?" என்று உங்களை ஒருமையில் கத்தினேன். நீங்கள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு இறங்கி ஓடினீர்கள். ஒவ்வொரு டிரைவரையும் கையெடுத்துக் கும்பிட்டு வழி வாங்கினீர்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறியதும் வலிப்பு அடங்கியது. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "வசம்பு குடுக்கக் கூடாதுதான். ஆனா வலிப்பு அதனால இல்ல. வெயிலே படாம உங்க உடம்புல வைட்டமின் டி இல்ல. அதான் பிள்ளைக்கும் இல்லாம கால்சியம் இறங்கிடுச்சு." இருவருக்கும் மருந்து எழுதித் தந்தார்.

வெளியே நீங்கள் சுவரோரம் நின்றிருந்தீர்கள். "இன்னா சொன்னாங்கோ?"

"சரியாயிடுமாம்," என்றேன். அவ்வளவுதான். என்னால் வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அதன்பின் நீங்கள் அவளைத் தூக்கவே இல்லை. தவழ்ந்து வந்து புடவையைப் பிடிப்பாள். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என் கை ஆவாது புள்ள," என்பீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், பாவி. அவளுடைய நாலாவது வயதில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அவளுக்கு ஒன்பது. காலையில் நான் உட்கார்ந்திருந்த கோலத்தையும் உங்கள் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை ஏம்மா என்னத் தூக்கவே மாட்டாங்க? என்னப் புடிக்காதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அண்ணி. உங்கள் படத்தருகே போய் நின்றாள். பிறகு கேட்டாள்: "இத அத்தைகிட்ட சொன்னியாம்மா?"

அதனால்தான் எழுதுகிறேன். அது வசம்பால் வந்ததில்லை. உங்கள் கைமேல் ஒரு குற்றமும் இல்லை.