மந்தைக்கு நடுவில் ஒரு கோம்பை நாய்

மதினி,

காலையிலிருந்து தூறல். பூண்டு கட்டித் தொங்கவிட்ட அறைக்குள் ஈர நாய் வாடை. உங்கள் ராசு உள்ளே வந்து படுத்திருக்கிறான். "வெளியே போடா" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. அவன் திமிர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அண்ணன் அவனைக் குட்டியாகக் கொண்டுவந்த அன்றே சொன்னேன், "கோம்பை நாய் சொன்ன பேச்சு கேக்காது மதினி" என்று. "நான் மட்டும் யாரு பேச்சக் கேட்டேன்?" என்றீர்கள். கொடைக்கானலிலிருந்து நாய் பழக்குகிறவர் ஒருவர் பிஸ்கட்டோடு வந்தார். 'சிட், சிட்' என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். இவன் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு கேரட் பாத்தியில் போய் நின்றுகொண்டான். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அண்ணன் காலமான பிறகு உங்களுக்கு வீட்டில் இருந்த ஒரே துணை அவன்தான். அப்போதுதான் அவன் ஆட்டு மந்தையை விரட்டி, ஒரு குட்டிக்குக் கால் ஒடிந்தது. "இன்னொரு தடவ பாஞ்சான்னா பெரும்பாறை எஸ்டேட்டுக்கு அனுப்பிருங்கம்மா" என்று ஊரில் சொல்லிவிட்டார்கள்.

கட்டிப் போடச் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. தினமும் வெள்ளனே மந்தை மேயும் சரிவுக்குக் கயிற்றோடு கூட்டிப் போய்ச் சும்மா உட்கார்ந்தீர்கள். அவன் துள்ளினால் அதட்ட மாட்டீர்கள். எழுந்து வீட்டுக்கு இழுத்து வந்துவிடுவீர்கள். "அவனாத் தீர்மானிக்கணும் தம்பி. நாம சொல்லி அவன் எதச் செஞ்சான்?"

பிறகு ஒருநாள் மந்தை நம் தோட்டத்து வழியாக வந்தபோது கயிற்றை அவிழ்த்துவிட்டீர்கள். ஊரே ரோட்டில் நின்று பார்த்தது. நீங்கள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து களை பிடுங்கினீர்கள். ராசுவுக்குப் பின்னங்கால் நடுங்கியது, எச்சில் ஒழுகியது. ஒரு குட்டி அவன் மூஞ்சியை உரசிக்கொண்டே போனது. அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாரும் அவனை உட்காரச் சொல்லவுமில்லை. பழனியில் சன்னதித் திரை விலகும்போது வருமே ஒரு சிலிர்ப்பு, அது எனக்கு அன்று அந்தப் பூண்டுத் தோட்டத்தில் வந்தது. ஆட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும்மா, உங்ககிட்டயே கெடக்கட்டும்" என்றார்.

இப்போது அவன் என் பொறுப்பு. நேற்று மந்தை வந்தது. அவனைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ள வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு, உங்களைப் போலவே முதுகைக் காட்டி உட்கார்ந்து களை பிடுங்கினேன். களையோடு பூண்டுப் பயிரும் சேர்ந்து வந்தது. மந்தை பாதி கடப்பதற்குள் பொறுக்காமல் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவன் உட்கார்ந்தே இருந்தான். அன்று நீங்கள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, மதினி.