இரண்டாம் கீழ்த்தளத்துக்கு டவர் வந்துவிட்டது

இன்று மதியம், நம் ஜவுளிக்கடையின் இரண்டாம் கீழ்த்தள குடோனில் குக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் அங்கே அது அடித்ததே இல்லை. சிலிண்டர் வந்திருப்பதாகச் சொல்லத்தான் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கவிழ்த்துவைத்த கிண்ணம் போல வெள்ளையாக ஓர் ஆன்டெனா. உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. நீ இல்லை. அதனால் எழுதுகிறேன், கோபத்தோடு.

வெள்ளிமலையிலிருந்து வந்து சேர்ந்த முதல் நாளே போனைத் தூக்கிப் பிடித்தபடி குடோன் முழுக்க நடந்தாய். "இன்னாடி இது, எங்க மலையில பாறை மேல ஏறினா டவர் கெடைக்குது. கள்ளக்குறிச்சி டவுனுக்கு நடுவுல இல்லியே!" என்று சிரித்தாய். உன் மகள் மலையில் உன் தங்கை வீட்டில் இருந்தாள். ஒருநாள் அவளுக்குக் கடும் காய்ச்சல் என்று தங்கை திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். வேலை முடிந்து தெருவுக்கு வந்த பிறகுதான் உனக்குத் தெரிந்தது. அன்று நீ சிரிக்கவில்லை.

மறுநாள் சாக்பீஸ் எடுத்து, சிக்னல் ஒரு கோடாவது தெரிகிற இடங்களில் வட்டம் போட்டாய். மூன்றே மூன்று வட்டம். சூப்பர்வைசர் உன்னையே ஈரத்துணியால் துடைக்க வைத்தார். துடைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாய். நான் உன் பின்னால் நின்றேன்.

"யாருக்காச்சும் ஒண்ணு ஆயிட்டா வெளிய சொல்ல வழியே இல்லீங்க சார்."

"வேலை செய்ய வந்தீங்களா, போன் பேச வந்தீங்களா?"

"வேலைக்குத்தாங்க வந்தோம். உசுரோட வூட்டுக்குப் போவணும் இல்லீங்களா?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் மேலே நெரிந்துகொண்டிருந்த அன்று சாயங்காலம், பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாய். "மாருல கல்லு வெச்சாப்புல இருக்குதுடி." உன் கழுத்தெல்லாம் வேர்வை. நூற்றெட்டை அழுத்தினேன், போகவில்லை. இன்டர்காமில் மேனேஜர் அறைக்கு அடித்தேன், எடுக்க ஆளில்லை. நீ வட்டம் போட்ட மூன்றாவது தூணுக்கு ஓடினேன். ஒரு கோடு வந்தது, எண்ணைத் தட்டுவதற்குள் போனது. படியேறி ஓடினால் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்: "ஸ்டாஃபெல்லாம் பின்பக்கமா போங்க." ஆள் நெஞ்சு வலியில் கிடக்கிறாள் என்று கத்தினேன். கை இறங்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றித் தெருவுக்கு வந்த பிறகுதான் அழைப்பு போனது.

திரும்பி வந்தபோது கேட்டாய்: "போன் போச்சா?"

"போச்சுடி, வந்துகினு இருக்காங்க" என்றேன். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்மா" என்றார். வந்திருக்கலாம்தான்.

மறுநாள் நாங்கள் பதினான்கு பெண்கள் கீழே இறங்க மறுத்தோம். "விதிக்கு நாங்க இன்னா பண்றது? இஷ்டம் இல்லாதவங்க நின்னுக்கலாம்" என்றார் மேனேஜர். இரண்டு நாள் தாங்கினோம், மூன்றாம் நாள் இறங்கிவிட்டோம். உன்னிடம் அதை மறைக்க முடியாது. அவமானமாகத்தான் இருந்தது.

பிறகு தீபாவளி நெருங்கியது. முதல் கீழ்த்தளத்தில் நம் கடையின் பாத்திரப் பிரிவில் சிக்னல் இல்லாமல் போனில் பணம் போகவில்லை. எடுத்த பாத்திரங்களை அப்படியே வைத்துவிட்டு வாடிக்கையாளர்கள் சிலர் வெளியேறினார்கள். அந்த வாரமே டெக்னீஷியன் வந்துவிட்டார்! நீ நடந்தது போலவே போனைத் தூக்கிப் பிடித்து நடந்தார். "சுத்தி கம்பி போட்ட காங்கிரீட்டு, முன்னால பூச்சு போட்ட கண்ணாடி. சிக்னல் எப்படி உள்ள வரும்? மொட்டை மாடியில பெரிய ஆன்டெனா வெச்சு, கேபிள் இழுத்து, தளத்துக்குத் தளம் சின்னது மாட்டணும்க்கா" என்றார்.

"எத்தினி நாள் வேலை?"

"மூணு நாளு."

மூன்று நாள். குடோனுக்கு எப்போது என்று கேட்டேன். "அங்க கஸ்டமர் வர்றதில்லியாமே. வேணாம்னுட்டாங்க" என்றார்.

மறுநாள் காலை பதினான்கு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மேலே பண்டிகைக் கூட்டம். குடோனிலிருந்து ஒரு பெட்டி ஏறவில்லை. இந்த முறை யாரும் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் குடோனுக்கும் மாட்ட ஒத்துக்கொண்டார்கள்.

வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'வாடிக்கையாளர்களின் வசதிக்காக அனைத்துத் தளங்களிலும் செல்போன் சிக்னல்.'

புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்தியையும் நீ உட்கார்ந்த இடத்துக்குக் கூட்டிப்போய், உன் பெயரையும் ஊரையும் நடந்ததையும் சொல்கிறேன். நேற்று மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். "செத்தவங்க பேச்சு எதுக்கும்மா?"

"பலகையில அவ பேரை நீங்க எழுதலீங்களே சார். அதான் நான் சொல்லிகினு இருக்கேன்."

இன்று சாயங்காலமும் ஒருத்தி சேர்ந்தாள். சொன்னேன்.