வரப்பை வெட்டியவர்கள் போட்ட மாலை

என் கோமதி அக்காவுக்கு,

குற்றாலத்தில் சாரல் விழுகிறது. ஐந்தருவிச் சாலையில் வண்டிகள் நகர முடியாமல் நிற்கின்றன. இந்த மாதத்தில் யாராவது உன் பயிற்சி வகுப்பை நடத்துவார்களா என்று கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய். நடத்தினார்கள் அக்கா. அதுவும் உன் பெயரில்.

பொறியியல் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கணித மாதிரியாக்கம் சொல்லித்தரும் வகுப்பு. நிஜமான ஒரு சிக்கலைச் சமன்பாடுகளாக எழுத வேண்டும். பிறகு நிபந்தனைகளை மீறாமல் இருப்பதிலேயே சிறந்த தீர்வைத் தேட வேண்டும். நீ அதைப் பங்குனியில்தான் வைப்பாய். அருவி வெறும் பாறையாகக் கிடக்கும், விடுதி அறை மலிவாகக் கிடைக்கும், ஒருவரும் துண்டை எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள். "அங்கன தண்ணி வந்தா இங்கன கணக்கு வராது" என்பாய். பத்து நாள் பிழிந்து எடுப்பாய்.

இப்போது இரண்டு நாள். முதல் நாள் முக்கால்வாசி பொன்னாடையில் போனது. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அருவி என்று நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்திருந்தார்கள். மேடையில் உன் படம், அதற்கு ரோஜா மாலை, பின்னால் பேனரில் பட்டங்களோடு உன் பெயர். குடும்பத்தின் சார்பில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நிருபர் வேலையின் பழக்கதோஷம், பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

உன் பேருந்துக் கணக்கையேதான் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். உன் கல்லூரிப் பேருந்துகள் இலத்தூர், சுரண்டை வட்டாரத்துப் பிள்ளைகளை எந்த வழியில் ஏற்றி இறக்கினால் டீசல் குறையும் என்ற கணக்கு. அதில் நீ எழுதும் நிபந்தனை எனக்கே மனப்பாடம்: இருட்டிய பிறகு எந்தப் பிள்ளையும் குளத்தங்கரை வழியாகத் தனியே நடக்கும்படி விடக் கூடாது. அதை நிபந்தனை என்றுகூடச் சொல்ல மாட்டாய், வரப்பு என்பாய். "வரப்புக்குள்ள வெளைஞ்சதுதான் வெளைச்சல். வரப்பை வெட்டி அடுத்தவன் வயலையும் சேத்து அறுத்துட்டு, மகசூல் கூடிட்டு மேடம்னு எங்கிட்ட வராதிய." மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் மறக்க மாட்டார்கள் என்று நீ நம்பினாய்.

இந்த முறை வகுப்பெடுத்தவர் தங்கராஜ். உன்னிடம் படித்தவர்தான், இப்போது துறைத் தலைவர். திரையில் புதிய வழித்தடத்தைக் காட்டினார். டீசல் செலவு நன்றாகவே குறைந்திருந்தது. கைதட்டினார்கள். சுரண்டைக்கு அந்தப் பக்கம், சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் நிறுத்தம் மட்டும் திரையில் இல்லை.

தேநீர் இடைவேளையில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"அங்கன ஒரே ஒரு பிள்ளைதான் அண்ணாச்சி. மாரிக்கனி, ரெண்டாம் வருஷம். மாடல்ல அவ அவுட்லையர்."

"அப்படின்னா?"

"கூட்டத்தோட ஒட்டாத புள்ளி. இருக்கிற பஸ்ஸை வச்சுக்கிட்டு அவளையும் சேத்தா, தீர்வே இல்லைன்னு வருது."

"அக்கா போட்ட வரப்பு எங்க?"

"எடுக்கல அண்ணாச்சி, கொஞ்சம் இளக்கியிருக்கோம். மீறினா அபராதம்னு ஒரு எண் குடுத்திருக்கு. அபராதத்தைவிட டீசல் மிச்சம் கூடுதலா இருந்தா மாடல் மீறிக்கிடும். எல்லாரும் செய்யுததுதான்."

"அந்த அபராதத்தை யாரு கட்டுதா?"

"யாரும் கட்ட வேண்டாம் அண்ணாச்சி. அது வெறும் எண்ணுல்லா."

"இருட்டுல அவ நடக்கப்போறாளே, அது?"

தங்கராஜ் வடையைத் தட்டில் வைத்தார். "பயிற்சிக்குப் போட்ட கணக்கு அண்ணாச்சி. இதைப்போயி செய்தியாக்கிராதிய."

பயிற்சிக்குப் போட்ட கணக்கா? மதியம் நிறைவு விழாவில் கல்லூரிச் செயலாளர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: அடுத்த மாதம் முதல் பேருந்துகள் இந்த வழித்தடத்தில்தான் ஓடும், அம்மையாரின் நினைவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது. சொல்லிவிட்டு உன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் குறிப்பெடுத்த கை அக்கா, அன்று பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டது.

எல்லோரும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார்கள். செண்பகம் என்றொரு ஆராய்ச்சி மாணவி மட்டும் மடிக்கணினியை மூடவில்லை. நீ போட்டபடியே வரப்பைத் திரும்பப் போடச் சொன்னேன். போட்டாள். 'தீர்வு இல்லை' என்று வந்தது.

"தப்பாயிட்டு ஸார்" என்றாள்.

தப்பா? நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் கைதட்டியிருப்பாய். "தீர்வு இல்லைங்கதும் பதில்தாம்மா. இருக்கதை வச்சு முடியாது, இன்னொரு வண்டி வேணும்னு மாடல் சொல்லுது. காதுல வாங்கு" என்பாய். இதை அவளிடம் சொன்னேன். "இதை ரெண்டு நாளும் யாருமே சொல்லலியே ஸார்" என்றாள். 'இல்லை' என்று வரும் விடையைச் சொல்ல, படித்தவர்களுக்கு எப்போதிருந்து இவ்வளவு கூச்சம்?

மறுநாள் மாரிக்கனியின் ஊருக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"பஸ்ஸை நிப்பாட்டுதாவளாமே அண்ணாச்சி? இவ அப்பா இருட்டுல கரை மேல விடவே மாட்டாவ. படிப்பு போச்சு."

உள்ளேயிருந்து மாரிக்கனி குரல் கொடுத்தாள். "எம்மா, நான் புள்ளியாம்லா. புள்ளிக்குக் கால் வலிக்காது, நாயும் துரத்தாது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. உன் கணக்கை உன் பெயரால் நடந்த வகுப்பிலேயே கோணலாக்கி, அந்தக் கோணலுக்கு உன் படத்தைச் சாட்சி வைத்திருக்கிறார்கள். கணக்குத் தெரியாதவர் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வராது. வரப்பு எது என்று உன் வாயிலிருந்தே கேட்டவர், 'இளக்கம்' என்று பெயரை மாற்றி அதை வெட்டியிருக்கிறார்.

திங்கட்கிழமை செயலாளரைப் பார்க்கப் போகிறேன். செண்பகமும் மடிக்கணினியோடு வருகிறேன் என்றிருக்கிறாள். ஒன்று, அந்த ஊருக்கு ஒரு வேன் விடட்டும். இல்லையென்றால் பேனரிலிருந்து உன் பெயரை எடுக்கட்டும். இரண்டும் நடக்காவிட்டால், அடுத்த ஆண்டு அந்த மேடை ஏறி உன் படத்தை நானே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். இது சத்தியம் அக்கா. மாலையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

நீ போட்ட வரப்பில் நிற்கும் உன் தம்பி,
சங்கரன்