பேங்க் வாசலில் உங்கள் மூக்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தாயிற்றா? தங்கச்சி இதை வாசித்துக் காட்டட்டும், நீங்கள் கண்ணைக் கஷ்டப்படுத்த வேண்டாம். நான் சௌக்கியம்.

இப்போது ஒரு பழைய பேங்க் கட்டிடத்தின் முகப்பில் வேலை. உச்சியில் கல் இலைகள் விரிந்த உயரமான தூண்கள், வாசலுக்கு மேலே ஒரு பெண்ணின் கல்முகம். மழையில் மூக்கு மழுங்கிப்போயிருந்தது. கலவை பூசிச் சரிசெய்யச் சொன்னார்கள்.

முடித்ததும் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். "யாரு மூக்குடா இது? பேங்க் அம்மாவுக்கு மூக்குத்தி குத்தப் போறியா?" அப்போதுதான் நானே கவனித்தேன். உங்கள் மூக்கு, அம்மா. மூக்குத்தித் துளைகூட வைத்திருக்கிறேன். சாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சிரிப்பு, நானும்தான்.

இந்த முறையும் லீவு இல்லை என்றுவிட்டார்கள். குதிகால் வெடிப்புக்குப் போடும் மருந்து அனுப்புங்கள். உங்கள் போட்டோ ஒன்றும், பக்கவாட்டில் எடுத்தது.

அந்த மூக்கு பழைய முகத்துக்குப் பொருந்தவில்லையாம், பெயர்த்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி. வேறு யாராவது பெயர்க்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். "வச்சவன்தான் எடுக்கணும்" என்றுவிட்டார். சாப்பாட்டு நேரம் முடிந்தது, கூப்பிடுகிறார்கள். உளியோடு மேலே போகிறேன், அம்மா. வலிக்காமல் எடுக்கிறேன்.

உங்கள் மகன்